வாசலில் நின்ற வசவு

“களைத்துப் போய்விட்டேன், தாயே. இனி என்னால் இயலாது,” என்றான் சோணாசலம்.

பூசை முடிந்து, பந்தியும் முடிந்து, வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். மடத்தின் தலைவி நாச்சியம்மை உள்ளறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சோணாசலத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான்.

“என்ன ஆச்சு, சொல்லுங்க,” என்றார்.

சோணாசலம் சுண்ணாம்பு சுடுகிற காளவாயில் பிறந்து வளர்ந்தவன். மடத்துக்கு வந்த புதிதில் அவன் வாயைத் திறந்தாலே சமையல்கட்டு வரைக்கும் சிரிப்பு கேட்கும். பாதி ஆயுளைக் கொடுத்துப் பேச்சைத் திருத்திக்கொண்டான். இலையில் எதை முதலில் தொடுவது, பாட்டில் எந்த இடத்தில் தலையை ஆட்டுவது, எந்த இடத்தில் ஆட்டாமல் கண்ணை மூடிக்கொள்வது, எல்லாம் கற்றான். இப்போது அவன் பேச்சில் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு கல் அகப்படாது.

அப்படியும் அகப்பட்டுக்கொண்டான்.

அன்று காலை ஓதுவார் ஒரு நிந்தாஸ்துதி பாடினார். சாமியைத் திட்டுகிற சாக்கில் புகழ்கிற பாட்டு. பித்தன் என்றார், பிச்சைக்காரன் என்றார், காது கேளாதவன் என்றார். பட்டு வேட்டிகளெல்லாம் உருகின. சோணாசலமும் உருக வேண்டிய இடத்தில் உருகினான்.

பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, நீங்க ரொம்ப நல்லா ரசிக்கிறீங்களே, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

“அவருடைய மகன் பாட்டின் நடுவே கொட்டாவி விட்டான், தாயே. தாளம் தப்பித் தொடையில் தட்டினான். யாரிடம் கற்றாய் என்று அவனை எவரும் கேட்கவில்லை. அவர்கள் தப்பாகத் தட்டினாலும் அது ரசனை. நான் சரியாகத் தட்டினாலும் அது பயிற்சி.”

நாச்சியம்மை மறுக்கவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அவர் அந்தப் பெரிய வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவர். நடப்பது அவருக்குத் தெரியும்.

“வாசல்ல யாராச்சும் காத்திருக்காங்களா?” என்று கேட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். அம்மையிடம் கேட்க வந்தவர் எவரும் தம் கேள்வியை முதலில் வாசலில் சொல்ல வேண்டும். வாசல்காப்பவர் அதைச் சீர்படுத்திச் சொல்லிக் கொடுப்பார். கேட்பவர் வாயில் சீர்படாத கேள்வி படி ஏறாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. வாசல் இப்போது சோணாசலத்தின் பொறுப்பு.

ஒரு பெண் இருக்கிறாள் என்றான் அவன். காளவாயில் வேலை செய்கிறவள், பெயர் காத்தாயி. பல தடவை வந்துவிட்டாள். அவளுக்குக் கேட்கவே தெரியவில்லை. கேள்வியைத் திருத்திச் சொல்லிக் கொடுத்து, வாயைப் பழக்கிக்கொண்டு வா, வீட்டிலும் வேலையிடத்திலும் திருத்தமாகவே பேசு என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினான். தானும் அப்படித்தானே பழகினான். இன்று மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறாள். சாயங்கால பஸ்ஸில் வேற்றூர்க் காளவாய்க்குப் போகிறாளாம். இனி வரமாட்டாள்.

“என்ன கேட்டாங்க?”

“இறைவனை நிந்தித்தல் பிழையாகுமா என்பது அவள் வினா.”

“அவங்க சொன்னபடி சொல்லுங்க.”

சோணாசலம் முன்கூடத்துப் பக்கம் பார்த்தான். கதவு திறந்துதான் இருந்தது.

“அந்தச் சொற்கள் இங்கே கூடாது, தாயே.”

“காலையில பாடினாங்களே, அதைவிடவா?”

சோணாசலம் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“எம்மவன எடுத்துக்கிட்ட நாள்லருந்து அந்தப் பாவிப்பயல தெனமும் வையிறேன். காளவாய்க்குத் தீ வைக்கயில வைய ஆரம்பிச்சா, வெயில் ஏறுற மட்டும் வையிறேன். வைஞ்சாத்தான் அவன் அங்கன இருக்கான்னு தெரியுது. பாவம், நிறுத்துங்குறாக. நிறுத்திட்டா, இவளும் செத்துப் போனான்னு நெனச்சுக்கிருவானோ?”

ஒரு சொல்லைக்கூட அவன் தேட வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகப் போய்விட்டது. சொல்லி முடித்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது.

நாச்சியம்மை நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

“எனக்கு இதுக்குப் பதில் தெரியாது, சோணாசலம். நான் சாமியைப் பாட்டுல மட்டுந்தான் வைஞ்சிருக்கேன். அதுவும் யாரோ எழுதிக் குடுத்தது. நீங்க போய் அவங்கள உள்ள கூட்டிட்டு வாங்க.”

சோணாசலம் வாசலுக்குப் போனான்.

செருப்புகள் கிடந்த இடத்தை ஒட்டிக் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிமூட்டை. அவனைக் கண்டதும் மூட்டையோடு எழுந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்.

“இறைவனை நிந்தித்தல் பிழையாகுமா?”

பிசிறு இல்லை. அவன் வாயிலிருந்து வந்ததைப் போலவே இருந்தது.

அம்மை கூப்பிடுகிறார், உள்ளே வா என்றான்.

“வேண்டாஞ்சாமி. இதச் சொல்லிக் காட்டிட்டுப் போவத்தான் வந்தேன். சொல்லிக் குடுத்தவுகளுக்குக் காட்டாமப் போவக் கூடாதுல்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

“நீங்க சொன்னாப்புலயே பேசிப் பேசிப் பழகுனேன், சாமி. இப்ப காளவாய் முன்னாடி நின்னா வசவே வரமாட்டேங்குது. வாய் திருந்திருச்சு. அவன் அங்கன இல்ல.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தலைக்கு ஏற்றினாள்.

சோணாசலம் ஓரடி முன்னால் வந்தான். என்னவாவது சொல்லி அவளை நிறுத்த வேண்டும். ஆறுதலாக நாலு வார்த்தை தேடினான். வந்ததெல்லாம் சலித்துப் புடைத்து எடுத்த வார்த்தைகள். ஒன்றையும் அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

சோணாசலம் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். தெருவில் இறங்கி நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தான். காளவாய்ப் புகையில் எதிர்ப்பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் ஆரம்பித்தான்.

“ஏலே, பிள்ளைய முழுங்குன பயலே!”

முன்கூடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அத்தனை வாயும் நின்றது. காலையில் அவனைக் கேட்ட அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“ஒன்னத்தாம்லே கேக்கேன். காளவாயில நிக்கிறவளுக்கு ஒத்தப் பிள்ள. அது ஒனக்குப் பொறுக்கலயோ?”

அதற்கு மேல் வைய அவனுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்க நின்றான்.

காத்தாயி மூட்டையை இறக்கி வைத்தாள்.