சலவைக்குறி இல்லாத சபை

"குரங்கு தின்னுற பழத்தை நான் தின்னா என்ன?"

முன்னொரு காலத்தில் ஒரு குட்டி இளவரசி இப்படிக் கேட்டாள். அவள் கையில் எட்டிப்பழம் பளபளத்தது. கோயில் நந்தவனத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய விகடகவி தாண்டவராயர், காவலர்களுக்குச் சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

செடிகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பூங்காவனம்தான் ஓடிவந்து பழத்தைத் தட்டிவிட்டாள்.

"குரங்குக்கு ஒத்துக்கும், நமக்கு ஒத்துக்காது தாயி. விதை அத்தனையும் விஷம். வாங்க, கையைக் கழுவுவோம்."

பிறகு தாண்டவராயரிடம் தாழ்ந்த குரலில், "இளவரசி கையில அடிச்சுட்டேன் சாமி. என் பேரைச் சொல்லிடாதீங்க" என்றாள். அவரும் வாக்குக் கொடுத்தார்.

செய்தி கேட்ட அரசருக்கு நெஞ்சு பதறியது. "என் நாட்டில் நச்சுச் செடி எதுவும் இருக்கக் கூடாது. இலை, பூ, விதை எல்லாவற்றையும் அகற்றுங்கள்" என்று ஆணையிட்டார்.

பொக்கிஷ அதிகாரி அனந்தநாயகத்துக்கு விகடகவியைக் கண்டாலே வயிறு எரியும். "பிரபு, குழந்தையைக் கவனிக்காதவரே இதைச் செய்யட்டும். பௌர்ணமிக்குப் பின் ஒரு விதை மிஞ்சினாலும் அவரை நாடு கடத்துங்கள்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். அரண்மனையிலிருந்தே தொடங்குகிறேன்" என்று தாண்டவராயர் வணங்கினார்.

சில நாள் கழித்துச் சபை கூடியது. அனந்தநாயகம் மஞ்சள் கறை படிந்த வேட்டியில் நெளிந்தார். அது சமையற்காரருடையது. சேனாதிபதியின் சட்டை முழங்காலைத் தொட்டது. அரசருடைய மேலாடையோ தொப்புள் வரைகூட எட்டவில்லை.

"இதென்ன கோலம்?" என்றார் அரசர்.

"சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும் பிரபு. சலவைத்துறையில் துணிக்குக் குறி போடுவது அந்தச் சாற்றைக் கொண்டுதான். தங்கள் ஆணைப்படி அந்தக் கொட்டைகளை எல்லாம் அள்ளிவிட்டேன். இப்போது யார் வேட்டி யாருடையது என்று தெரியவில்லை."

"பொற்கொல்லர்கள் ஏன் வாசலில் நிற்கிறார்கள்?"

"பொன் நிறுக்கும் குன்றிமணியும் நஞ்சு. பொக்கிஷத்திலிருந்து அதையும் எடுத்துவிட்டேன்; பொன்னை நிறுக்க வழியில்லை."

அனந்தநாயகம் பொறுக்க முடியாமல், "நந்தவனத்து அரளியும் ஊமத்தையும் இன்னும் நிற்கின்றனவே?" என்றார்.

"அவை ஈசனுக்குச் சாத்தும் பூக்கள், ஐயா. பிடுங்கிவிடலாம். ஆனால் ஆணை என்றால் ஆணை. அந்த ஈசன் கழுத்தில் இருக்கும் நஞ்சையும் எடுக்க வேண்டுமே, யார் எடுப்பது? முன்னே நடங்கள், நான் பின்னால் வருகிறேன்."

 அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். இறுக்கமான மேலாடை முதுகில் கிழிந்தது.

"சரி, நான்தான் பயந்துவிட்டேன். என்ன செய்யலாம், சொல்லும்."

"நஞ்சை நாட்டை விட்டு ஓட்ட முடியாது பிரபு. அறிமுகம் செய்துவைக்கலாம். வழியோர நச்சுச் செடிகளில் சிவப்புத் துணி கட்டுவோம். துணி இல்லாவிட்டாலும், தெரியாத எதையும் வாயில் வைக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். குரங்கும் குருவியும் தின்றதைப் பார்த்து நம்ப வேண்டாம். தவறித் தின்றுவிட்டால், தின்ற காயோடு உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்."

அரசர் அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். முதல் சிவப்புத் துணியை இளவரசியே எட்டிமரத்தில் கட்டினாள்.

மறுநாள் விடியுமுன் தாண்டவராயர் சால்வையை மடித்து வைத்துவிட்டு நந்தவனம் போனார். வாக்குக் கொடுத்தபடி பூங்காவனத்தின் பேரை அவர் யாரிடமும் சொல்லவில்லை; அவள் இறைக்க வேண்டிய தண்ணீரைப் பாத்தி பாத்தியாக இறைத்து ஊற்றினார். உள்ளங்கை கன்றியது. பூங்காவனம் வரும் நேரமானதும் வாளியை அவள் வைக்கும் இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, பின்வாசல் வழியே போய்விட்டார்.