கூண்டுக் கௌதாரியின் வெற்றி

கள்ளிக்கரட்டில் அன்றும் விடியும் நேரம் ஒரு கௌதாரிச் சேவல் கூவியது. அந்தக் கரட்டைச் சேர்ந்ததல்ல, வேற்றிடத்துச் சேவல். அது வருவதற்கு முன் அப்படியொரு குரலை அங்கிருந்த பாறைகள்கூடக் கேட்டிருக்காது. ஒவ்வொரு கூவலும் சரிவில் ஏறி, உச்சியைத் தொட்டு, மறுபக்கம் இறங்கிப் போனது. உடைமரத்து அணில் கடித்த காயைத் தவறவிட்டு அப்படியே நின்றது.

சூரைப் புதருக்குள் இருந்த செங்காலி என்ற பெட்டைக் கௌதாரிக்கும் மெய்சிலிர்த்தது. சிலிர்த்த கையோடு பயமும் வந்தது. பக்கத்தில் அவள் தம்பி முள்ளன் கால்முள்ளைக் கல்லில் தீட்டத் தொடங்கியிருந்தான்.

கௌதாரிகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் எல்லைக்குள் வேற்றுச் சேவல் கூவினால், எல்லைக்குரியவன் நேரே போய் எதிரில் நிற்க வேண்டும். போகாதவனை யாரும் சேவலாகவே மதிக்கமாட்டார்கள். இந்தக் குரல் வந்த நாளிலிருந்து நான்கு சேவல்கள் அப்படிப் போயிருந்தன. ஒன்றும் திரும்பவில்லை. தோற்ற வெட்கத்தில் வேறு கரட்டுக்கு ஓடியிருப்பார்கள் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். செங்காலி மட்டும் விடவில்லை. நான்கு பேர் ஓடினார்களே, ஒருவனுடைய சிறகடிப்பாவது யார் காதிலாவது விழுந்ததா என்று கேட்டாள். எல்லை வழக்கில் பெட்டைக்குப் பேச்சில்லை என்று அவள் வாயை அடைத்தார்கள். பேசாதே என்பது எப்படிப் பதிலாகும் என்று அதையும் கேட்டாள்.

கரட்டில் மிஞ்சியிருந்த ஒரே சேவல் முள்ளன்தான். இரண்டு நாளாக உஷாராகத்தான் இருந்தான். தூரத்திலிருந்தே பதில் கூவினான், கிட்டே போகவில்லை. ஆனால் அந்தக் குரல் நாளுக்கு நாள் நெருங்கி வந்தது. புதருக்குள் இருப்பது சேவலா, காடையா என்று இன்று கேலியும் செய்தது.

"வழியை விடு அக்கா. இனியும் உட்கார்ந்திருந்தால் நான் காடையேதான்."

"போகலாம். முதலில் நான் பார்த்துவிட்டு வருகிறேன்."

"பெட்டை போகிற வழக்கம் இல்லையே?"

"போகக் கூடாது என்ற வழக்கமும் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீ இங்கிருந்தே கூவிக்கொண்டிரு."

புல்லோடு புல்லாக ஊர்ந்து போனாள் செங்காலி. இலைதழைக்கு நடுவே ஒரு மூங்கில் கூண்டு. உள்ளே அந்தச் சேவல், கழுத்தை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து நின்றது. கூண்டைச் சுற்றிக் குதிரைமயிர்க் கண்ணிகள், சிலந்தி நூலைவிடச் சன்னமாக. ஒரு கண்ணியில் கௌதாரி இறகு ஒன்று ஒட்டியிருந்தது. கற்றாழைக்குப் பின்னால் ஒரு மனிதன் குந்தியிருந்தான். ஓர் எறும்பு அவன் இமைமேல் ஏறி இறங்கியது. அவன் கண் சிமிட்டவில்லை. இத்தனை பொறுமை ஓர் உடம்புக்குள் அடங்குமா என்று செங்காலி மலைத்துப் போனாள்.

புல் மறைவிலேயே, கண்ணிகளைத் தொடாமல் மெல்லக் கூண்டருகே நகர்ந்து, யாரை அழைக்கிறாய் என்று கேட்டாள்.

"எதிரிகளைத்தான். எந்தக் கரட்டிலும் என்னை எதிர்த்து நின்றவன் இல்லை, தெரியுமா? வந்தவுடன் காலடியில் விழுந்துவிடுகிறார்கள். என் ஆள் அவர்களைத் தூக்கிக்கொண்டு போவான்."

கண்ணி இடறி விழுந்தவர்களை, வணங்கி விழுந்ததாக அது நினைத்துக்கொண்டிருந்தது! செங்காலிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"இத்தனை கரடுகளை வென்றிருக்கிறாயே, வென்ற மண்ணில் ஓரடி நடந்து காட்டேன்."

சேவல் சிரித்தது. ஓரடி எடுத்து வைத்தது. நெஞ்சு மூங்கிலில் இடித்தது. திரும்பிப் பின்பக்கம் நடந்தது. அங்கேயும் மூங்கில். பிறகு கண்ணியில் ஆடிய இறகைப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. கூவலை நிறுத்திவிட்டது.

அங்கேதான் செங்காலியின் கணக்குத் தப்பியது. குரல் அடங்கியதும், எதிரி பயந்துவிட்டான் என்று முள்ளன் நினைத்துக்கொண்டான். இரண்டு நாள் காத்த எச்சரிக்கையை உதறிவிட்டுச் சரிவில் பாய்ந்து ஓடி வந்தான். வராதே என்று செங்காலி கத்தினாள். ஜெயிக்கப் போகிறவன் காதில் அது ஏறவில்லை. கண்ணிக்கும் அவனுக்கும் நாலு எட்டுதான் இருந்தது. மனிதனின் கை கற்றாழைக்குப் பின்னாலிருந்து நீண்டது.

அப்போது கூண்டுக்குள்ளிருந்து ஓர் அலறல் எழுந்தது. கௌதாரிகளின் அபாயக் குரல். முட்டையிலிருந்தே மனிதன் வீட்டில் வளர்ந்தவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கரடே ஒரே சிறகாக எழுந்தது. கண்ணியை உரசிக்கொண்டு முள்ளன் வானத்துக்குப் பாய்ந்தான். புல்லுக்குள் செங்காலி பதுங்கிக் கிடந்தாள். எவ்வளவு பெரிய குரல், அதை எத்தனை சின்னக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள்!

மனிதன் கூண்டின்மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனான்.

"அவனும் நம்ம இனமா அக்கா?" என்றான் திரும்பி வந்த முள்ளன், மூச்சு வாங்க.

"நம்ம இனம்தான். அதனால்தானே நாலு பேரும் நம்பிப் போனார்கள்."

அழைக்கிற குரல் எத்தனை இனிமையானாலும், அது நம்மவர் குரலே ஆனாலும், யாருடைய பசிக்காக அழைக்கிறது என்று கேட்ட பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும்.