சிலந்தி தின்ற பதினோரு வலைகள்

குளத்தங்கரை நாவல் மரத்தில் நூலாண்டி என்றொரு சிலந்தி இருந்தது. மழையில் அறுந்து போகாத வலை பின்ன வேண்டும் என்று அதற்கு ஆசை. கோடை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, அவ்வப்போது பெய்த கோடை மழையில் பதினோரு வலை அறுந்த பிறகு, ஒருவழியாகப் பின்னியும் விட்டது.

அந்தக் காட்டில் யார் எதைப் பிடித்தாலும் சிங்கராஜாவுக்குப் பாதி வரி. ஆனால் ஆராய்ச்சிச் சலுகை என்று ஒன்று உண்டு. பலிக்குமா பலிக்காதா என்று தெரியாமல் புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பவருக்கு அந்த வருஷ வரி தள்ளுபடி. மழைக்காலத்தில் பூச்சி பறக்காது. நூலாண்டி நூலில் சுற்றி வைத்திருந்த பூச்சிகள் மழை முடியும்வரைதான் காணும். அதில் பாதி போனால் நடுவிலேயே பட்டினி.

சலுகைக்கு மனு எழுதிக் கொடுப்பது கொறிச்சி என்ற அணில். "அறுந்த வலையை எல்லாம் பத்திரமா எடுத்து வை. அதுதான் ஆதாரம்" என்று கோடை தொடங்கும்போதே சொல்லியிருந்தது. ஒரு தடவையா, பத்துத் தடவை!

மனு மீதான விசாரணைக்கு முந்தின நாள் கொறிச்சி போய்க் கேட்டது. "எங்கேப்பா அந்த வலையெல்லாம்?"

"தின்னுட்டேங்க்கா."

"தின்னுட்டியா?"

"பழைய வலையைத் தின்னுதானே புது நூல் விடுவோம்? எங்க வழக்கமே அதுதான். அறுந்ததைத் தொங்கவிட்டா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

கொறிச்சி தலையில் அடித்துக்கொண்டது. இதைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டும் என்பது தன் தலையெழுத்து என்று நொந்துகொண்டது. பிறகு குளமெல்லாம் அலைந்து ஒரு தவளையைச் சாட்சிக்குப் பிடித்தது.

மறுநாள் ஆமை அதிகாரி விசாரித்தார்.

"பதினோரு தடவை அறுந்ததுங்க ஐயா. கீழே விழுந்த பூச்சியை எல்லாம் நான்தான் தின்னேன்" என்றது தவளை.

கொறிச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆமையும் மனம் இளகி, "இவ்வளவு பாடுபட்டியா? இந்தத் தவளை சொல்றது நிஜமா?" என்று சிலந்தியைக் கேட்டார்.

நூலாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொய் ஐயா! என் வலையாவது, அறுறதாவது! முதல் தடவையே சரியா வந்தது. இப்படித்தான் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

கொறிச்சி பின்னாலிருந்து கிள்ளியது. "ஏங்க்கா கிள்ளுறீங்க?" என்று நூலாண்டி சத்தமாகவே கேட்டது!

"தெரிஞ்ச வேலையைச் செய்தா அது ஆராய்ச்சி இல்லையப்பா" என்று சொல்லி ஆமை மனுவைத் தள்ளிவிட்டார். வரி வசூலிக்கும் எறும்புகள் வந்து பாதிப் பூச்சிகளைத் தூக்கிக்கொண்டு போயின.

மழை பிடித்தது. வலை அறுந்து போகவில்லை. அதில் விழத்தான் ஒரு பூச்சியும் இல்லை. பாதி மழையிலேயே நூலாண்டியின் இருப்பு தீர்ந்தது.

"அக்கா, பசிக்குது. பதினோரு தடவை அறுந்ததுன்னு இப்ப போய்ச் சொன்னா கேப்பாங்களா?" என்றது ஈனக் குரலில்.

"அன்னைக்கு வாய் திறந்து ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? சாட்சி சொன்னவனைப் பொய்யன்னு சொன்னே. இனி யார் நம்புவா? என்கிட்ட இருக்கிறது நாவல் கொட்டை. அதை நீ தின்பியா?" என்று கொறிச்சி சலித்துக்கொண்டது. திட்டத் திட்ட அதற்கும் கண் கலங்கியது.

தோற்றதைச் சொல்ல வெட்கப்படுகிறவர், பட்ட பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பலனையும் சேர்த்தே இழப்பார்.