ஒரு நூல் பிசகலை

பம்பு செய்யும் பட்டறை வைத்து மூன்று தலைமுறை கண்ட குடும்பம் சௌந்தரராஜுலுவுடையது. அறுபது வயதில் அவர் தேடிப் போன குருவோ, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் அதே பட்டறையில் வார்ப்புக்கு மண் பிசைந்தவர். ஊர் அவரை மண்ணுச்சாமி என்றது. கெட்ட நேரம் வந்தால் முதலாளியின் கால் எந்த வாசலுக்கும் போகும், அதிலென்ன வெட்கம்!

"சாமி, வித்த பம்பெல்லாம் திரும்பி வருதுங்க. தண்ணி மேல ஏறலைன்னு திட்டறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா உலையை அணைச்சுப் பூட்டிடலாம்னு என் மகளே சொல்லிட்டா. நான் என்னங்க தப்புப் பண்ணினேன்? தாத்தா செஞ்சதுல ஒரு நூல் பிசகலை."

"தாத்தா எப்படிச் செஞ்சார்?"

அழ வந்தவருக்குப் பெருமை வந்துவிட்டது. "பம்பு கேட்டு வந்தவங்க தோட்டத்துக்கே போவாருங்க. கிணத்துல கயித்தை விட்டு ஆழம் பார்ப்பார். அப்புறம்தான் மரத்துல அச்சு செதுக்கி, அதை மண்ணுல பதிச்சு, அந்தக் குழியில இரும்பை ஊத்துவார்."

"வாங்க, பட்டறைக்குப் போவோம்" என்று சாமி எழுந்தார்.

தண்ணீரை மேலே தள்ளும் இரும்புச் சக்கரம்தான் பம்புக்கு உயிர். தாத்தா வார்த்தது, அப்பா வார்த்தது, ராஜுலு வார்த்தது என மூன்று சக்கரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாமி அடுக்கினார். தாத்தாவுடையதில் இறக்கையெல்லாம் தேய்ந்து விளிம்புதான் மிச்சம். ஆனாலும் அதுதான் பெரிது. அடுத்தது சின்னது. ராஜுலுவுடையது அதைவிடச் சின்னது. அளந்து பார்த்தால் மொத்த வித்தியாசம் சரியாக ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம்.

"அப்பா எதை மண்ணுல பதிச்சு வார்த்தார்?"

"தாத்தா வார்த்த சக்கரத்தைங்க."

"நீங்க?"

"அப்பா வார்த்ததை." சொல்லும்போதே ராஜுலுவுக்கு உறைத்தது. உருக்கின இரும்பு ஆறினால் சுருங்கும், சுருங்கினதையே பதித்து வார்த்தால் இன்னும் சுருங்கும். அதற்காகத்தானே மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்குவது! பட்டறை கூட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

"மர அச்சு இருந்துச்சே, அது என்னாச்சு?"

"பூஜை ரூம்ல இருக்குங்க. தாத்தா கை பட்டது. அதைப் போய் மண்ணுல புதைக்க அப்பாவுக்கு மனசு வரலை. எனக்கும் வரலை."

சொன்னவர் வீட்டுக்கு ஓடினார், சாமியும் பின்னாலேயே போனார். ஐம்பது ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் ஏறி, அம்மன் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது அச்சு. இதை மண்ணில் வைத்தால் போதும், பட்டறை பிழைத்தது! இரண்டு கையாலும் தூக்கினார். சந்தனப் பொருக்குதான் கையோடு வந்தது. உள்ளே மரமே இல்லை. கறையான் மண் பொலபொலவென்று காலில் கொட்டியது.

ராஜுலு அப்படியே தரையில் உட்கார்ந்து, பெற்றவரைப் பறிகொடுத்தவர் போல அழுதார்.

"அளவெல்லாம் இதுலதானே இருந்துச்சு! இனி நான் யாரைப் போய்க் கேப்பேன், சாமி?"

"உங்க தாத்தா யாரைக் கேட்டார்?"

"கிணத்தைக் கேட்டார்."

"நீங்க கடைசியா எட்டிப் பார்த்த கிணறு எதுங்க, முதலாளி?"

ராஜுலு விரல் மடக்கி எண்ணப் பார்த்தார். ஒரு கிணறும் நினைவுக்கு வரவில்லை.