ஃபிரிட்ஜில் வந்த அதிரசம்

முன்னொரு காலத்தில், அதாவது மின்சாரம் வந்த பிறகும் மன்னர்கள் தீர்ந்துபோகாமல் இருந்த ஒரு காலத்தில், செங்கழனி நாட்டை அதிரூபவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான், இரண்டையும் கல்லில் வெட்டச் சொல்வான். வெட்டியதை அழிக்கும் வழக்கம் மட்டும் அந்த நாட்டில் இல்லை.

அவனுடைய மந்திரி மருதவாணர். மன்னன் பேசும்போது சபையே தலையாட்டும். அவர் மட்டும் ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அதனாலேயே மன்னனுக்கு அவர் வேண்டியிருந்தது. அதனாலேயே அப்பய ராயருக்கு அவரைப் பிடிக்கவில்லை. ராயர் அரண்மனை வணிகர். ஊரில் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் விற்கும் கடைகள் எல்லாம் அவருடையவை. மந்திரியின் முத்திரை மோதிரம் ஒன்றுதான் அவரிடம் இல்லாதது.

ஊருக்கு வெளியே அரசின் உடைப்புச்சாலை ஒன்று இருந்தது. வீடுகளில் செத்துப்போன மின்சாமான்களை அங்கே கொண்டுபோய்ப் போடலாம். செம்பு தனி, இரும்பு தனி என்று பிரித்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது. ஒருநாள் சபையில் ராயர் எழுந்தார்.

"பிரபு, சாலையை எனக்குக் குத்தகைக்குக் கொடுங்கள். வருகிறவர்களிடம் சாமானுக்கு ஒரு பொன் வாங்கிக்கொள்கிறேன்."

"பொன் கேட்டால் சாமான் சாலைக்கு வராது. வேறு எங்காவது போகும்" என்றார் மருதவாணர்.

"எங்கே போகும், மந்திரியாரே? அதற்குக் கால் இருக்கிறதா?"

சபை சிரித்தது. சபை சிரித்ததால் மன்னனும் சிரித்தான். கல்லில் வெட்டினார்கள்: 'பழைய மின்சாமான் எந்த வீட்டில் கிடக்கிறதோ, அந்த வீட்டார் அதை உடைப்புச்சாலையில் சேர்த்து, ஒன்றுக்கு ஒரு பொன் கட்டக் கடவர்.'

மூன்றே மாதத்தில் சாமான்களுக்குக் கால் முளைத்தது. அவை இருட்டில் நடந்துபோய் அரண்மனை ஆம்பல் குளத்தில் இறங்கின. ஒரு விடியலில் மன்னன் குளிக்க இறங்கியபோது அவனுடைய கட்டைவிரல் ஒரு கிரைண்டரில் இடித்தது.

விரல் கத்தரிக்காய் போல வீங்கியது. நொண்டிக்கொண்டே சபைக்கு வந்தான்.

"மந்திரியாரின் காவல் அப்படி, பிரபு" என்றார் ராயர் வருத்தத்தோடு.

"மருதவாணரே, என் பிறந்தநாளுக்குள் குளம் சுத்தமாக வேண்டும். கல்லில் வெட்டியது வெட்டியதுதான். கருவூலத்திலிருந்து ஒரு காசு தரமாட்டேன். முடியாவிட்டால் மோதிரத்தை ராயரிடம் கொடுத்துவிட்டு நீரே குளத்தில் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கும்!"

பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. மந்திரிக்கு இடுப்புவலி வேறு. சபை கலைந்ததும் அவர் நேரே பவுனாம்பாளின் இட்லிக்கடைக்குப் போனார்.

"பவுனு, குளத்தில் உன் ஃபிரிட்ஜ் எது?"

"எங்கிட்ட ஏதுங்கய்யா ஃபிரிட்ஜு?"

"பச்சை நிறம். கதவில் பிள்ளையார் படம்."

அவள் சட்டினியைக் கிண்டினாள். "அது பக்கத்து வீட்டுப் பிள்ளையாருங்க."

"தண்டிக்க வரவில்லையம்மா. மன்னர் பிறந்தநாளுக்குப் பலகாரம் கொண்டுவருவாயா?"

"கொண்டாராம? அதிரசம் சுடுறேன்."

"எதில் வைத்து?"

பவுனாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைத் தூக்க நாலு ஆள் வேணுமேய்யா."

"தெருவில் ஆள் இல்லையா?"

"தெருவே வரும்" என்றாள்.

பிறந்தநாள் வந்தது. முதலில் நாலு பேர் தோளில் ஒரு பச்சை ஃபிரிட்ஜ், பாசி போகத் தேய்த்து, பொட்டு வைத்து வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு அதிரசம். அடுத்து வாஷிங் மெஷினில் முறுக்கு. கிரைண்டரில் சுண்டல். முதுகு கழன்ற டிவிக்குள் பொரி உருண்டை. மன்னனுக்கு ஆனந்தம். நொண்டி நொண்டிப் போய் ஒவ்வொன்றிலும் எடுத்துத் தின்றான். கொலுமண்டபம் நிறைந்து, வெளிமுற்றம் நிறைந்தது.

"மகிழ்ந்தோம்! பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்வாருங்கள்."

ஒருவரும் அசையவில்லை.

"மகராசா," என்றாள் பவுனாம்பாள், "பலகாரம் வந்த ஏனத்தை வெறும் ஏனமாவா திருப்பிக் குடுப்பாங்க? எங்க வீட்டுலயே ஒரு பிடி அரிசி போட்டுத்தான் குடுப்போம்."

திரைக்குப் பின்னாலிருந்து ராஜமாதா இருமினார். மன்னன் முகம் சிவந்தது. "ஒரு பிடி அரிசி போடுங்கள்!"

"ஏனத்துக்குத் தக்கனதானே போடணும், மகராசா? மேல இருக்கிற ஐஸ் பெட்டிக்கே ஒரு மரக்கா அரிசி பிடிக்கும்."

களஞ்சிய அதிகாரி வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பிரபு, வரிசை கோட்டைக்கு வெளியே போகிறது. களஞ்சியம் மூன்றாவது தெருவோடு தீர்ந்துவிடும்."

மன்னன் யோசித்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை. "அப்படியானால் திருப்பித் தரவில்லை. பாத்திரங்களையும் நாமே ஏற்றுக்கொண்டோம்!"

சனங்கள் விழுந்து கும்பிட்டு, வெறுங்கையோடு, சற்று வேகமாகவே வெளியேறினார்கள்.

மருதவாணர் தொண்டையைச் செருமினார். "பிரபு, 'எந்த வீட்டில் கிடக்கிறதோ அந்த வீட்டார்' என்று கல் சொல்கிறது."

மன்னன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். "நானா கட்ட வேண்டும்? யாரிடம்?"

"சாலையின் குத்தகைக்காரரிடம்."

எல்லாரும் ராயரைப் பார்த்தார்கள். ராயர் தன் காலைப் பார்த்தார்.

"இவற்றை விற்றது யார்?" என்றான் மன்னன்.

அதற்கும் எல்லாரும் ராயரையே பார்த்தார்கள்.

"சாமான் உயிரோடு இருந்தபோதும் காசு வாங்கினீர், செத்த பிறகும் வாங்குவீரோ? கல்தச்சரே, அந்தக் கல்லில் அடியில் இடம் இருக்கிறதா?"

"இரண்டு வரிக்கு இருக்கிறது, பிரபு."

"வெட்டும். அந்த ஒரு பொன்னை, சாமானை விற்றவரே கட்டக் கடவர். குத்தகை இன்றோடு ரத்து. ராயரே, இவற்றை நீரே சாலையில் கொண்டுபோய்ச் சேரும்."

பிறகு மன்னன் குளத்துக்குப் போய்ப் பார்த்தான். தண்ணீரும் ஆம்பலும் மட்டும் இருந்தன. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பவுனாம்பாளுக்கு ராயர் கடையிலிருந்து புது ஃபிரிட்ஜ் ஒன்று கொடுக்கச் சொன்னான்.

அன்று மாலை ராயர் முதல் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு உடைப்புச்சாலைக்கு வந்தார். மந்திரி வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காவல்காரர் கையை நீட்டினார்.

"சாமானுக்கு ஒரு பொன், ஐயா."

"நான் யார் தெரியுமாடா?"

"தெரியாமல் என்னங்க?" என்றார் காவல்காரர். "விற்றவர்."