சங்கக் கடிகாரத்தில் மணி ஆறே முக்கால்

மொட்டைப்புளி நூல் மில்லில் ஒரு சங்கம் இருந்தது. அதில் மொத்தம் நான்கு பேர். பிச்சாண்டி தலைவர், கோமதிநாயகம் செயலாளர், இசக்கிமுத்து பொருளாளர். மிச்சமிருந்த சுடலை உறுப்பினர். சங்க நோட்டீசில் ‘உழைக்கும் மக்கள்’ என்று எங்கே அச்சாகியிருந்தாலும் அது சுடலையைத்தான் குறிக்கும்.

நான்கு பேருக்கும் அப்போது வேலை இல்லை. மில் சங்கு ஊதியதும் ஓடுவது அடிமைத்தனம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அதன்படி சங்கு ஊதியதும் உட்கார்ந்தார்கள். அது அடங்கிய பிறகு எழுந்து, தலை நிமிர்ந்து, நிதானமாக நடந்து போனார்கள். நான்காம் நாள் மேனேஜர் நால்வரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

வழக்கு லேபர் ஆபீசரிடம் போனது. அவர் மாதத்தில் ஒரு நாள் தாலுகா ஆபீஸ் மாடியில் வந்து உட்காருவார். முதல் விசாரணை காலை பதினோரு மணிக்கு. சங்கத்தார் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

“அடுத்த மாசம் பதினாலாம் தேதி, பதினோரு மணி. ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஃபைலை மூடிருவேன். முதல்ல ஒரு வாட்ச் வாங்குங்கய்யா!” என்றார் ஆபீசர்.

கோமதிநாயகம் அதை எழுத்துக்கு எழுத்து மினிட் புத்தகத்தில் ஏற்றினார். இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்த பன்னிரண்டாம் நம்பர் நூற்பு ஃப்ரேமை விட்டு வந்ததிலிருந்து அவருக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. வீட்டில் அடுப்புப் பக்கம் போய் நிற்பார். “அறுந்த நூலை முடியப் போற மாதிரி என் பின்னால நிக்காதீரும். அந்த வேலையை வாங்கிட்டு அங்க போய் நில்லும்” என்பாள் மனைவி வடிவு. அவருக்கும் வேறு ஆசை எதுவும் இல்லை.

எந்தக் கடிகாரம் வாங்குவது என்று மூன்று கூட்டம் நடந்தது.

“கம்பெனி வாட்ச்சு கூடாது. சுரண்டலைக் காசு கொடுத்துக் கையில கட்டுறதா?” என்றார் தலைவர்.

“யாரையும் வேலைக்கு வைக்காதவன், யாருகிட்டயும் வேலை பார்க்காதவன், அவன் செஞ்ச வாட்ச்சா இருக்கணும்” என்றார் பொருளாளர்.

அப்படி ஒருவர் துறைமுகத்து ஊரில் இருந்தார். பெயர் கப்ரியேல். மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர முடியாத இடத்தில் கடை. வருடத்துக்கு நான்கைந்து கடிகாரம் செய்வார். அடுத்த தெருக்காரர்களுக்கே அவரைத் தெரியாது. சங்கத்தார் நால்வரும் குனிந்து நின்று விசாரணை நடத்தினார்கள்.

“உமக்கு முதலாளி உண்டா?”

“வீட்டுக்காரி இருக்கா.”

“கூலி கொடுக்காளா?”

“சோறு போடுதா.”

நால்வரும் வெளியே போய் விவாதித்துவிட்டு உள்ளே வந்தார்கள். “சோறு கூலியில சேராது. ஏத்துக்கிட்டோம்” என்றார் தலைவர். “ஓய், உமக்குச் சங்கம் உண்டா?”

“நான் ஒத்தை ஆளு. மனசு சரியில்லைன்னா அன்னைக்கு வேலை நிறுத்தம்.”

இந்தப் பதிலைக் கேட்டு இசக்கிமுத்துவின் கண் கலங்கியது.

கப்ரியேல் எடுத்துக் காட்டிய கடிகாரத்தைப் போல அவர்கள் பார்த்ததில்லை. உடைந்த கிராமபோன் தட்டில் வெட்டிய கறுப்பு முகம். சைக்கிள் கம்பியை இழைத்துச் செய்த முள். அந்த முள்ளும் ஒன்றே ஒன்றுதான். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் கால் மணிக்கு ஒன்றாக மூன்று கோடு. முள் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் நேரம். ஏழு மணி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

“பெரிய முள், சின்ன முள்னு பேதமே இல்லை!” என்றார் கோமதிநாயகம். கடிகாரம் ஒருமனதாக நிறைவேறியது.

கப்ரியேல் விரலை நீட்டிச் சொன்னார்: “தினம் காலையில முள்ளு இந்தச் சிவப்புப் புள்ளிக்கு வரும்போது இருபது திருகு சாவி கொடுக்கணும். ஏழுக்கு முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது. தண்ணி படக் கூடாது. முள்ளை நீங்களாத் திருப்பவே கூடாது. மீறினா நான் பொறுப்பில்லை.”

மூன்றும் சங்க விதிகளில் சேர்க்கப்பட்டன.

கடிகாரம் பொதுச் சொத்து. ஆகவே ஆளுக்கு ஒரு நாள் கட்டிக்கொண்டார்கள். பிச்சாண்டி முறையன்று மழை பிடித்தது. அவர் மணிக்கட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். இசக்கிமுத்து கையை வானத்துக்கு உயர்த்தியபடியே குளத்தில் குளித்தார். கரையில் போனவர்கள் ஏதோ கோஷம் என்று நினைத்து, “வாழ்க!” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இருபது திருகும் பொதுதான். ஆளுக்கு ஐந்து. தினமும் ஏழு மணிக்கு முன்பே சேர்மக்கனி டீக்கடையில் நால்வரும் கூடினார்கள். ஒரு தகராறும் இல்லாமல் பதின்மூன்றாம் தேதி வரை ஓடியது.

பதின்மூன்றாம் தேதி சுடலை வரவில்லை, வயிற்றுப்போக்கு. பதினைந்து திருகு ஆயிற்று.

“மிச்ச அஞ்சை நான் போடட்டுமா?” என்றார் இசக்கிமுத்து.

“உழைக்கும் மக்களோட உரிமையை நிர்வாகி பறிக்கதா?” என்று தலைவர் கேட்டார். இசக்கிமுத்து வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் பதினாலாம் தேதி. விசாரணை நாள். கோமதிநாயகம் கையில் கடிகாரம். வெளுத்த சட்டை. சுடலையும் வந்துவிட்டார். முள் ஆறே முக்காலில் இருந்தது.

கடிகாரம் நின்றுவிட்டது. இது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், சாவி கொடுக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்பதுதான். காத்திருந்தார்கள்.

டீ குடித்தார்கள். ஆறே முக்கால். மில் சங்கு ஊதியது.

“அண்ணாச்சி, ஏழு மணிச் சங்குல்லா அது?” என்றார் சுடலை.

கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “பாத்தீரா? கால் மணி நேரம் முன்னாலயே ஊதுதான்! இத்தனை வருஷமா நம்மகிட்டத் திருடியிருக்கான்!”

இது ஆபீசரிடம் கொடுக்க எழுதி வைத்திருந்த மனுவில் சேர்க்கப்பட்டது. சுடலை கடிகாரத்தில் காதை வைத்துப் பார்த்தார். “சத்தத்தைக் காணோமே, அண்ணாச்சி.”

“ராப்பகலா ஓடுது. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்வே.”

இரண்டாவது டீ வந்தது. வெயில் ஏறியது. சேர்மக்கனி பொறுக்க முடியாமல் சொன்னார்: “அண்ணாச்சி, மணி பத்தரை. இப்பதான் ரேடியோவுல சொன்னான்.”

“ரேடியோ யாருது?” என்றார் தலைவர்.

“என்னுது.”

“அதுல பேசுதவன் யாரு?”

“கவர்மெண்டு.”

“பொறவு?” என்றார் தலைவர். சேர்மக்கனி டீ ஆற்றப் போய்விட்டார்.

உச்சி வெயில் ஏறியதும் கோமதிநாயகம் கீழே குனிந்தார். தன் நிழல் காலடியில் சுருண்டு கிடப்பதை அவர் பார்த்தார். ஃப்ரேம் நினைவு வந்தது. ஆனால் நிழலைப் பார்த்து மணி சொல்ல விதியில் இடமில்லை.

“என் வயிறு பன்னிரண்டுன்னு சொல்லுது” என்றார் சுடலை.

“நேத்து அந்த வயித்தாலதான் கெட்டோம். அது பேச்சை எடுக்காதீரும்” என்றார் பொருளாளர்.

மூன்று மணிக்கு இரண்டாம் ஷிப்டுச் சங்கு ஊதியது. “ஏழு மணி ஆகும் முன்னால ரெண்டாம் ஷிப்டா! கேப்பாரில்லை!” என்று தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். அதுவும் மனுவில் சேர்ந்தது.

கோமதிநாயகம் கடைசியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். “ஏழுக்குச் சாவி கொடுக்கணும்னுதான் கப்ரியேல் சொன்னார். டீக்கடையில வச்சுன்னு சொல்லலை. நடந்துக்கிட்டே இருப்போம். வழியில ஏழாகட்டும்.”

திருத்தத்தின் மேல் நால்வரும் பேசினார்கள். தலைவர் இரண்டு முறை பேசினார். ஓட்டெடுப்பு முடிந்து தாலுகா ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு போட்டிருந்தார்கள்.

லேபர் ஆபீசரும் மில் மேனேஜரும் ஒரே காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஃபைல் மூடியாச்சு. இப்ப மணி என்ன தெரியுமாய்யா?” என்றார் ஆபீசர்.

“ஆறே முக்கால்” என்று கோமதிநாயகம் கையை நீட்டினார்.

ஆபீசர் தம் கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் சரியாக ஆறே முக்கால்.

“பதினோரு மணி விசாரணைக்கு நாலே கால் மணி நேரம் முன்னாலயே வந்திருக்கோம்” என்றார் கோமதிநாயகம். “ஏழானதும் சாவி கொடுக்கணும். காலையிலேருந்து அதுக்குத்தான் காத்திருக்கோம்.”

மேனேஜர் காரிலிருந்து இறங்கி வந்தார். முள்ளைப் பார்த்தார். சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். சாவி கொடுக்கும் விதியை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். படித்தவர் அல்லவா, சீக்கிரம் புரிந்துவிட்டது.

“சார், ஃபைலைத் திறங்க” என்றார் ஆபீசரிடம். “இவங்களை வேலைக்கு எடுத்துக்கறேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு உள்ளே வரணும். முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது.”

கோமதிநாயகம் ஏமாறுகிறவர் இல்லை. “எந்தக் கடிகாரப்படி?” என்றார்.

“உங்க கடிகாரப்படிதான்.”

எழுத்தில் வாங்கினார்கள். சங்க வரலாற்றில் இப்படி ஒரு வெற்றி கிடைத்ததே இல்லை. கோமதிநாயகம் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் வடிவு அப்பளம் பொரித்தாள்.

மறுநாள் பொழுது விடிய நால்வரும் மில் கேட்டில் நின்றார்கள். ஆறே முக்கால். சங்கு ஊதியது. மற்றவர்கள் அவர்களைத் தாண்டி ஓடினார்கள்.

“உள்ள வாங்கவே, நேரமாச்சு!” என்றார் வாட்ச்மேன்.

“அவசரப்பட்டு ஒப்பந்தத்தை மீறச் சொல்லுதீரா?” என்றார் கோமதிநாயகம். அங்கிருந்து பார்த்தால் பன்னிரண்டாம் நம்பர் ஃப்ரேமின் ஒரு ஓரம் தெரியும். அவருக்கு அது போதுமாக இருந்தது. இன்னும் கால் மணி நேரம்தானே?

வடிவு தினமும் மத்தியானச் சோற்றைக் கேட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாள். இன்றுவரை நால்வரில் ஒருவரும் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை, மேனேஜரே ஒத்துக்கொள்கிறார்.

போன வாரம் சங்கம் ஒரு நோட்டீஸ் போட்டது. தினமும் ஷிப்டு தொடங்கும் முன்பே வந்து நிற்பதற்கு ஓவர்டைம் கேட்டிருக்கிறார்கள்.