பிரேக்குக்கு மழை பிடிக்காது

சாரல் விழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஒரு மலையூரில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் கோமதிநாயகம், ஊரில் தன்னைவிட அறிவாளி இல்லை என்று தானே கண்டுபிடித்துத் தானே ஒத்துக்கொண்டவர். அடுத்தவர் சங்கரநயினார், அண்ணன் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே அவர் பிழைப்பு. கடைசி வைரவன். பாவம், அவனுக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.

பெண் வீடு மலை இறக்கத்தின் பாதியில். பார்க்கப் போகிற அன்று காலையிலேயே சாரல். வைரவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினான்.

“மழையில பிரேக் பிடிக்காது தம்பி,” என்றார் கடைக்கார உபைதுல்லா பாய். “ரிம்மைத் துடைச்சு வைங்க. பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு, மாத்தணும். இறக்கத்துல முன்கூட்டியே பிரேக்கைப் பிடிங்க. கட்டையை நான் மாத்தித் தரவா?”

“எங்க அண்ணன் இருக்காக,” என்று பெருமையோடு திரும்பிவிட்டான்.

“பிரேக்குக்கு மழை ஏன் பிடிக்காது?” பாய் சொன்னதைக் கேட்டதும் கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார்.

“சளி பிடிக்குமோ?” என்றான் வைரவன்.

“அதேதாம்ல!”

பிரேக் கட்டைகளுக்குச் சூடு பறக்கத் தைலம் தேய்த்தார்கள். இடப்பக்கக் கட்டையை வலப்பக்கமும், வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றினார்கள்.

“ரெண்டும் தேஞ்சதுதானேண்ணே?” என்றான் வைரவன்.

“பாய் மாத்தத்தானல சொன்னாரு?”

சங்கரநயினார் கொட்டும் சாரலில் நின்று ரிம்மைத் துடைத்தார். நனைந்தது. மறுபடி துடைத்தார். வீட்டுக்குள் வைத்துத் துடைக்கும்படி பாய் சொல்லவில்லையே!

கிளம்புமுன் மூவரும் முறைபோட்டு, கை வலிக்கும்வரை பிரேக்கைப் பிடித்தார்கள். “முன்கூட்டியே பிடிச்சாச்சு. இனி வழியில தொடாதே,” என்று ஓட்டப்போகும் வைரவனிடம் சொல்லி முன்கம்பியில் ஏறினார் மூத்தவர். கேரியரில் பூ பழத்தட்டோடு அடுத்தவர்.

இறக்கத்தில் சைக்கிள் பறந்தது. பயத்தில் வைரவன் பிரேக்கை அழுத்தியும் பார்த்துவிட்டான்.

“அண்ணே, நிக்கலையே!”

“நிக்கும்ல. யோசிக்குது.”

பெண் வீட்டார் வாசலில் கைகூப்பி நின்றார்கள். நடுவே மஞ்சள் சேலையில் பெண். அவ்வளவு அழகை வைரவன் பார்த்ததே இல்லை. அவ்வளவு சீக்கிரமாகவும் பார்த்ததில்லை. கோமதிநாயகம் மரியாதையாக “வணக்க...” என்றார். மிச்சத்தை அடிவாரத்துச் சேற்று வயலில் விழுந்து சொன்னார்.

“பொண்ணு பிடிச்சிருக்குண்ணே,” என்றான் வைரவன், வாயிலிருந்த நாற்றைத் துப்பிவிட்டு.

“கூடாதுல. நாம பக்கத்துல போனதும், பொண்ணு, அப்பன், ஆத்தா, வீடு, தொழுவம், அம்புட்டும் மலையைப் பார்த்து என்னா ஓட்டம் ஓடுச்சு! ஓர் இடத்துல நிக்காத குடும்பம்.”

“நிக்காத குடும்பம்,” என்றார் சங்கரநயினார்.

வைரவன் கண்ணீரோடு மேலே பார்த்தான். “இப்ப நிக்குதேண்ணே?”

“மூச்சு வாங்குதுல.”